ஸ்கேனில் ஒளிர்ந்த இடத்தில் சர்க்கரையைத் தின்றது யார்?

கோத்தகிரி மகள்

வணக்கம். எங்கள் ஊர் கோத்தகிரிக்குப் பக்கம். இரண்டு ஏக்கர் தேயிலை; அம்மாதான் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதங்களுக்கு முன் அவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. கோவையில் பெட் ஸ்கேன் எடுத்தோம். படத்தில் மார்பிலும் அக்குளிலும் பளிச்சென்று ஒளிர்ந்தது. "ஊசியில் போட்ட சர்க்கரையை அந்த இடம் இழுத்திருக்கிறது" என்று அங்கே இருந்தவர் விளக்கினார்.

அந்த ஒரு வாக்கியத்தை எங்கள் உறவினர் ஒருவர் பிடித்துக்கொண்டார். சர்க்கரைதான் கட்டிக்குத் தீனி, சோறும் களியும் பழமும் நிறுத்தினால் கட்டி பட்டினியில் செத்துவிடும் என்கிறார். அம்மா நம்பிவிட்டார். பத்து நாட்களாகக் காய்கறிச் சாறு மட்டும்தான். மூன்று கிலோ குறைந்துவிட்டது. படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார். அடுத்த வாரம் கீமோவின் இரண்டாவது சுற்று.

நான் வேதியியல் படித்தவள். நோய் எதிர்ப்பு செல்களும் சண்டையிடும்போது குளுக்கோஸை நிறையச் செலவழிக்கும் என்று எங்கோ படித்த நினைவு. அப்படியானால் கட்டிக்குள் போய்ப் போராடும் செல்களுக்கும் அதே சர்க்கரைதானே வேண்டும்? அம்மாவின் பட்டினி யாரை வாட்டுகிறது? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள். அம்மாவிடம் எடுத்துச் சொல்ல எனக்கு வாதம் வேண்டும்.

கூடலூர்த் தம்பி

அக்கா, நான் கூடலூர்க்காரன். பெங்களூரில் நோய் எதிர்ப்பியலில் ஆய்வு மாணவன். முதலில் ஒரு வேண்டுகோள்: இந்த இழை முடியும்வரை காத்திருக்காமல் நாளைக் காலையே மருத்துவமனைக்கு அழைத்து எடை குறைந்ததைச் சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் கேள்வி. உறவினர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது இவ்வளவு எளிதில் பிடித்துக்கொள்கிறது. 1920களில் ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் கட்டித் திசுவைச் சீவி எடுத்து ஆராய்ந்தபோது, அது குளுக்கோஸை அளவுக்கு மீறி இழுப்பதையும், ஆக்ஸிஜன் தாராளமாக இருந்தும் அதை முழுமையாக எரிக்காமல் லாக்டிக் அமிலமாக வெளியே கொட்டுவதையும் கண்டார். கணக்குப் பார்த்தால் இது பெரிய நட்டம். செல்லின் உலையான மைட்டோகாண்ட்ரியாவில் முழுமையாக எரித்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி சுமார் 30 கிடைக்கும். பாதியில் விட்டால் 2 மட்டுமே.

பிறகு ஏன் அப்படிச் செய்கிறது? வேகமாகப் பெருகும் செல்லுக்கு ஆற்றல் மட்டும் போதாது. புதிய செல்லைக் கட்டப் பொருளும் வேண்டும். இருக்கிற மரத்தையெல்லாம் அடுப்பில் வைத்துவிட்டால் வீட்டுக்கு உத்தரம் ஏது? குளுக்கோஸைப் பாதியில் நிறுத்தினால் கிடைக்கும் துண்டுகளைக் கொண்டு கொழுப்பும் டிஎன்ஏவும் கட்டலாம்.

இதே பழக்கம் நம் நோய் எதிர்ப்பு செல்களில் ஒரு வகையான டி செல்லுக்கும் உண்டு. ஓய்வில் இருக்கும் டி செல் சிக்கனமாக, மைட்டோகாண்ட்ரியாவில் மெதுவாக எரித்துக்கொண்டு சுற்றும். எதிரியை அடையாளம் கண்டதும் உடல் பருத்து, குளுக்கோஸ் இழுக்கும் வாயில்களை மேற்பரப்பில் பெருக்கி, அதே வார்பர்க் முறைக்கு மாறிவிடும். நாள் கணக்கில் ஒன்று ஆயிரங்களாகப் பெருக வேண்டியிருக்கிறதே! ஆக, சண்டையிடுகிற இரு தரப்பும் ஒரே பானையில் கைவைக்கின்றன.

உலர்த்தும் அறை

நான் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், குன்னூர்ப் பக்கம். ஒரு சிறு தகவல். இலையை அரைத்துப் பரப்பி நிறம் மாற விடுவதை நாங்கள் நொதித்தல் என்றுதான் சொல்கிறோம். உண்மையில் அது நொதித்தல் அல்ல, இலையின் நொதிகள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு செய்யும் வேலை. காற்று இல்லையென்றால் இலை சிவக்காது. தம்பி சொல்வதைப் பார்த்தால் கட்டியில் நடப்பது நேர் எதிர்: சுற்றிலும் ஆக்ஸிஜன் இருக்கிறது, ஆனாலும் செல் தயிர் புளிக்கும் வழியில் போகிறது. நான் புரிந்துகொண்டது சரிதானே?

கூடலூர்த் தம்பி

மிகச் சரி அண்ணா. லாக்டிக் அமிலம் என்பது தயிரைப் புளிக்கவைக்கும் அதே அமிலம்தான்.

பழைய குன்னூர்வாசி

அம்மணி, நான் குன்னூர் பாஸ்டியர் நிறுவனத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1907-ல் தொடங்கிய நிறுவனம் அது. வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக நாங்கள் வீரோ செல்கள் எனும் குரங்குச் சிறுநீரகச் செல்களைக் குடுவையில் வளர்ப்போம். இந்த லாக்டிக் அமிலத்தை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

செல் வளர்க்கும் திரவத்தில் ஃபீனால் சிவப்பு என்ற நிறமி சேர்த்திருப்பார்கள். புதிதாக ஊற்றும்போது செம்பருத்திச் சாறு போல இருக்கும். செல்கள் பெருகப் பெருகக் குளுக்கோஸைத் தின்று அமிலத்தை விடும். சிவப்பு ஆரஞ்சாகும், கவனிக்காமல் விட்டால் எலுமிச்சை மஞ்சளாகிவிடும். மஞ்சள் ஆனது தெரிந்தும் திரவத்தை மாற்றாவிட்டால் செல்கள் சுருங்கி அடித்தளத்திலிருந்து கழன்று மிதக்கத் தொடங்கும். காலையில் அறைக்குள் நுழைந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான்.

குடுவையில் மாற்றிவிட நாங்கள் இருந்தோம். கட்டிக்குள் திரவத்தை மாற்ற யார் இருக்கிறார்கள்? அங்கே ரத்தக்குழாய்களும் ஒழுங்காக இராது என்று படித்திருக்கிறேன். அந்த மஞ்சள் நீருக்குள்தான் உங்கள் அம்மாவின் டி செல்கள் போய் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு அந்தச் செல்கள் மேல் மரியாதை வருகிறது.

கூடலூர்த் தம்பி

ஐயா, வகுப்பில் இனி நான் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்த மஞ்சள் நீரில் டி செல்லுக்கு என்ன ஆகிறது என்பதுதான் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எங்கள் துறையைப் புரட்டிப்போட்ட கதை. உணவு குறைந்தால் செல் சோர்ந்துவிடும் என்பது யாருக்கும் தெரியும். ஆனால் அதையும் தாண்டி, உணவு என்பது செல்லுக்கு ஒரு கட்டளை. 2013-ல் நோய் எதிர்ப்பியல் ஆய்வாளர் எரிக்கா பியர்ஸின் ஆய்வகம் காட்டியதைச் சொல்கிறேன். குளுக்கோஸை உடைக்கும் நொதிகளில் ஒன்றின் பெயர் ஜிஏபிடிஹெச். குளுக்கோஸ் வந்துகொண்டே இருந்தால் அது தன் வேலையில் மூழ்கியிருக்கும். குளுக்கோஸ் உடைப்பு நின்றால் கை சும்மா இருக்குமா? இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்துக்கான ஆர்என்ஏ செய்தியின்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். செய்தி இருக்கும், புரதம் வராது. இன்டர்ஃபெரான் காமா என்பது டி செல்லின் முக்கிய ஆயுதங்களில் ஒன்று. மற்ற செல்களைத் தட்டி எழுப்புவதும் அதுதான். செல் உயிரோடு இருக்கும், எதிரியைப் பார்த்துக்கொண்டும் இருக்கும். ஆயுதம் மட்டும் கைக்கு வராது.

2015-ல் அதே குழு எலிகளில் இன்னொன்றைக் காட்டியது. எதிர்ப்பு செல்கள் வழக்கமாக விரட்டிவிடும் ஒரு வகைக் கட்டியில் குளுக்கோஸ் இழுக்கும் வேகத்தை மட்டும் கூட்டினார்கள். கட்டி தப்பி வளர்ந்தது. டி செல்களுக்கு அந்தக் கட்டியை அடையாளம் தெரியாமல் இல்லை. பந்தியில் இடம் கிடைக்கவில்லை.

இனி மேக்ரோபேஜ் எனும் விழுங்கி செல்கள். ஆர்ஜினின் என்ற ஒரே அமினோ அமிலத்தை வைத்து அவை இரண்டு வேறு காரியங்கள் செய்யும். ஒரு நொதி வழியாகப் போனால் நைட்ரிக் ஆக்சைடு, அதாவது எதிரியைக் கொல்லும் நஞ்சு. ஆர்ஜினேஸ் என்ற இன்னொரு நொதி வழியாகப் போனால் காயம் ஆற்றும் பொருள்கள். லாக்டிக் அமிலத்தில் நனைந்த விழுங்கி செல் இரண்டாவது வழிக்குத் திரும்பி, கட்டிக்குப் புது ரத்தக்குழாய் போடவும் உதவத் தொடங்குகிறது. 2014-ல் வெளிவந்த கண்டுபிடிப்பு இது. கட்டியை ஆற வேண்டிய புண் என்று நினைத்துக்கொண்டு பணிவிடை செய்கிறது, பாவம். அதோடு அது செலவழிக்கும் ஆர்ஜினின் டி செல்லுக்கும் தேவையானது.

எதிர்ப்பை அடக்கி வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களோ அந்த லாக்டிக் அமிலத்தையே உணவாக எடுத்துக்கொள்கின்றன என்று 2021-ல் தெரியவந்தது. மற்றவர்களுக்கு நஞ்சான சூழல் அவர்களுக்குச் சாப்பாடு.

சீகை பிடுங்குபவன்

நான் ஊட்டிப் பக்கம் புல்வெளி மீட்கும் வேலையில் இருக்கிறேன். இதைப் படித்ததும் எங்கள் சரிவுகள்தான் கண்முன் வந்தன. ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து நட்ட சீகை, அதாவது வாட்டில் மரம், இன்று புல்வெளியை மூடி நிற்கிறது. அது புல்லோடு நேருக்கு நேர் சண்டை போடுவதில்லை. நீரை இழுத்துக்கொள்கிறது, நிழல் விழுத்துகிறது. அடியில் இருந்த சதுப்பு வற்றுகிறது. சதுப்பு போனால் அங்கே வாழ்ந்த ஒவ்வொன்றின் நடத்தையும் மாறுகிறது. வெட்டிவிட்டு வந்தாலும் அடுத்த மழைக்கு மண்ணில் கிடந்த விதை முளைத்து நிற்கும்.

கட்டி சீகை, டி செல் புல். இப்படி எடுத்துக்கொள்ளலாமா?

திசு பார்ப்பவள்

நோய்க்குறியியல் மருத்துவர் நான். சொந்த ஊர் குன்னூர், இப்போது வெளியூரில் இருக்கிறேன். சீகை உவமை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அது ஒரு இடத்தில் தவறாக வழிகாட்டும். தம்பி சொன்ன 2015 கதையும் அங்கேதான் திருத்தப்பட வேண்டியிருக்கிறது.

2021-ல் அமெரிக்காவில் ஜெஃப் ராத்மெல்லின் குழு ஒரு நேரடியான கேள்வி கேட்டது. பெட் ஸ்கேனில் போடும் அதே கதிரியக்கச் சர்க்கரையைக் கட்டி உள்ள எலிகளுக்குச் செலுத்தி, பிறகு கட்டியைப் பிரித்து எந்த வகைச் செல்லில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று தனித்தனியாக எண்ணினார்கள். எல்லோரும் புற்றுநோய்ச் செல்தான் முதலிடம் என்று நினைத்திருந்தார்கள். செல் ஒன்றுக்கு எவ்வளவு என்று பார்த்தபோது அதிகம் இழுத்தவை விழுங்கி செல்கள் சேர்ந்த குழு. புற்றுநோய்ச் செல்கள் அதிகம் இழுத்தது குளுட்டமின் என்ற வேறொரு ஊட்டத்தை. குளுட்டமின் வரத்தைத் தடுத்தபோது கட்டிக்குள் இருந்த செல்கள் முன்னைவிட அதிகமாகக் குளுக்கோஸ் எடுத்தன. அப்படியென்றால் பானை காலியானதால் மட்டும் யாரும் பட்டினி கிடக்கவில்லை. எதை எடுப்பது என்று ஒவ்வொரு செல்லுக்கும் உள்ளே ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது.

கோத்தகிரி மகளே, உங்கள் தலைப்புக் கேள்விக்கு என் பதில் இதுதான். உங்கள் அம்மாவின் ஸ்கேனில் ஒளிர்ந்தது புற்றுநோய்ச் செல் மட்டுமாக இருக்க வாய்ப்பில்லை. அந்த ஒளியில் அவருடைய சொந்த எதிர்ப்பு செல்களின் பங்கும் கலந்திருக்கிறது. நம் நாட்டில் காசநோய் பாதித்த நிணநீர்க் கணுவும் அதே போல ஒளிரும். அங்கே புற்றுநோய்ச் செல் ஒன்றுகூட இல்லை, விழுங்கி செல்கள் கூடி நிற்கின்றன, அவ்வளவே. அதனால்தான் ஒளிர்ந்த இடத்திலிருந்து துண்டு எடுத்துக் கண்ணாடியில் வைத்து என்னைப் போன்றவர்கள் பார்க்காமல் யாரும் முடிவு சொல்வதில்லை.

கூடலூர்த் தம்பி

மேடம் சொல்வதை ஏற்கிறேன். 2015 முடிவு அந்தக் கட்டி வகைக்கு உண்மை. எல்லாக் கட்டிக்கும் ஒரே கதையாக நான் சொல்லியிருக்கக் கூடாது. கட்டிக்குக் கட்டி, ஒரே கட்டியின் நடுவுக்கும் விளிம்புக்கும்கூட வேறுபாடு இருக்கிறது.

லவ்டேல் ரயில்

இடையில் ஒரு சந்தேகம். நாம் சுமார் இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறோம், இங்கே காற்றில் ஆக்ஸிஜன் குறைவு. கட்டிக்குள் ஆக்ஸிஜன் குறைந்தால் எதிர்ப்பு செல்கள் சோர்ந்துவிடும் என்கிறார்கள். நோயாளியைக் கீழே மேட்டுப்பாளையத்தில் தங்கவைப்பது நல்லதா?

திசு பார்ப்பவள்

அதற்காக யாரும் மலை இறங்க வேண்டாம். ரத்தக்குழாயிலிருந்து ஆக்ஸிஜன் திசுவுக்குள் ஊடுருவிப் போகும் தூரம் 100 முதல் 200 மைக்ரோமீட்டர், அதாவது ஓரிரு தலைமுடியின் தடிமன். கட்டி தாறுமாறாக வளர்வதால் பல செல்கள் அந்த எல்லைக்கு வெளியே மாட்டிக்கொள்கின்றன. கடற்கரையில் வாழ்பவரின் கட்டியிலும் இதே நிலைதான். செல்கள் ஆக்ஸிஜன் குறைவை எப்படி உணர்கின்றன என்பதைக் கண்டுபிடித்ததற்கு 2019-ல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தக் குறைவு உள்ளூர்க் குறைவு. மலையின் உயரத்தை அதற்குக் காரணமாக்க முடியாது.

மலைத்தேன்

எல்லோரும் சேர்ந்து உபவாசத்தை ஒதுக்குவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. எலிகளைப் பட்டினி போட்டுக் கீமோ கொடுத்தபோது நல்ல பலன் கிடைத்ததாக ஆய்வுகள் உண்டு. நம் முன்னோர் விரதம் இருந்தார்கள். அறிவியலே சொல்லும்போது அந்த அம்மாவை ஏன் தடுக்கிறீர்கள்?

ஊட்டிச் செவிலி

ஐயா, கோபத்தோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய் வார்டில் வேலை பார்த்தவள் நான். விரதம் இருந்த முன்னோர் கீமோ எடுத்துக்கொண்டு விரதம் இருக்கவில்லை. எலியின் ஒரு நாள் பட்டினியும் மனிதரின் ஒரு நாள் பட்டினியும் ஒன்றல்ல, அதன் உடல் ஓடும் வேகமே வேறு. மனிதர்களிடம் நடக்கும் சோதனைகளில்கூட மெலிந்தவர்களைத் தவிர்த்து, மருத்துவர் கண்காணிப்பில்தான் செய்கிறார்கள். வீட்டில் பத்து நாள் சாறு குடிப்பது அந்தச் சோதனை அல்ல.

சோற்றை நிறுத்தினால் ரத்தத்தில் சர்க்கரை காணாமல் போய்விடுமா? போகாது. மூளைக்கு வேண்டுமே என்று கல்லீரல் தானே தயாரித்துவிடும். எதிலிருந்து? பெரும்பங்கு தசையைக் கரைத்து. கட்டிக்குப் போகும் சர்க்கரை நிற்காது, அம்மாவின் தோளும் தொடையும்தான் கரையும். படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அது இதுதானோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. மெலிந்த நோயாளிக்குக் கீமோவைத் தள்ளிப்போடவும் அளவைக் குறைக்கவும் நேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

புற்றுநோயாளிக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரியும், 1 முதல் 1.5 கிராம் வரை புரதமும் வேண்டும் என்பது பொது அளவு. 50 கிலோ இருப்பவருக்கு 50 முதல் 75 கிராம் புரதம். சாறில் அது வராது. முட்டை, அவரை, பருப்பு, தயிர், மீன் எதுவானாலும் அவர் நாக்கு ஏற்பதைக் கொடுங்கள். அம்மாவுக்கு நீரிழிவு இருந்தால் மட்டும் சர்க்கரை அளவு தனிக் கணக்கு, மருத்துவரிடம் கேளுங்கள். கீமோவுக்குப் பிறகு வெள்ளணு குறையும் நாட்களில் எல்லாம் நன்றாக வெந்ததாக இருக்கட்டும்.

மலைத்தேன்

தசை கரையும் விஷயம் எனக்குத் தெரியாது. அந்த அம்மா முதலில் தேறட்டும். என் வாதத்தை இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

உலர்த்தும் அறை

அப்படியானால் மருந்தால் கட்டியின் சாப்பாட்டை மட்டும் நிறுத்த முடியாதா தம்பி? உடம்பைப் பட்டினி போடாமல்?

கூடலூர்த் தம்பி

முயன்றுகொண்டுதான் இருக்கிறார்கள் அண்ணா. 2019-ல் எலிகளில் குளுட்டமின் பயன்பாட்டைத் தடுக்கும் ஒரு மருந்தைக் கொடுத்தபோது புற்றுநோய்ச் செல்கள் தடுமாறின, டி செல்களோ வேறு வழிக்கு மாறிக்கொண்டு முன்னைவிட வலுவாகின. ஒரே தடை, இரு தரப்புக்கும் வேறு விளைவு! அந்தக் கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் எலியிலிருந்து மனிதருக்கு வரும் பாதை எவ்வளவு செங்குத்து என்பதையும் சொல்ல வேண்டும். டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைக் கட்டி சிதைத்து டி செல்களை வாடச் செய்கிறது. அதைத் தடுக்க எபகாடோஸ்டாட் என்ற மருந்து வந்தது. மெலனோமா எனும் தோல் புற்றுநோய் உள்ளவர்களிடம், டி செல்களின் மேலுள்ள தடையை நீக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் முடிவு வந்தது: சேர்த்துக் கொடுத்ததால் கூடுதல் பலன் இல்லை. எலிகளில் அழகாக வேலை செய்த கருத்துதான் அது.

கார் டி சிகிச்சையிலும் இந்த அறிவு பயன்படுகிறது. அதில் நோயாளியின் டி செல்லை எடுத்து, புற்றுநோய்ச் செல்லைத் தாக்கும்படி மாற்றியமைத்துத் திருப்பிச் செலுத்துவார்கள். அப்படி மாற்றியமைக்கும்போது எந்தத் தூண்டுபகுதியைப் பொருத்துகிறோம் என்பதைப் பொறுத்து அதன் உணவுப் பழக்கமே மாறுகிறது. சிடி28 பொருத்தினால் குளுக்கோஸை வேகமாக எரித்துப் பாயும் செல். 4-1பிபி பொருத்தினால் மைட்டோகாண்ட்ரியா பெருகி நின்று நிலைக்கும் செல். மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நம் நாட்டின் முதல் கார் டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அது ரத்தப் புற்றுநோய் வகைகளுக்கானது, அக்கா, உங்கள் அம்மாவின் நோய்க்கு அல்ல. மார்பகம் போன்ற திடக் கட்டிகளில் கார் டி தடுமாறுவதற்கு ஒரு காரணமே ஐயா சொன்ன அந்த மஞ்சள் நீர்தான்.

கோத்தகிரி மகள்

எல்லோருக்கும் நன்றி. தம்பி சொன்னபடி மறுநாள் காலையிலேயே மருத்துவமனைக்கு அழைத்தேன். சாற்றை உடனே நிறுத்தச் சொல்லி, உணவு ஆலோசகரிடம் பேசவைத்தார்கள். செவிலியக்கா எழுதியதையே அவரும் சொன்னார்.

அம்மாவிடம் பேசுவதுதான் கடினமாக இருந்தது. நொதி, ஆர்என்ஏ எதுவும் எடுபடவில்லை. குடுவையில் மஞ்சளாகும் நீரைச் சொன்னேன், கவனித்துக் கேட்டார். பிறகு ஸ்கேனில் ஒளிர்ந்ததில் உங்கள் சொந்த செல்களும் இருக்கின்றன, அவையும் அங்கே சாப்பிட்டுக்கொண்டு நிற்கின்றன என்றேன். படத்தை எடுத்து வரச் சொன்னார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். இத்தனை நாள் அந்தப் படத்தை அவர் தொடவே இல்லை.

"தோட்டத்துக்கு உரம் போட்டால் களையும்தான் தின்னும். அதற்காகச் செடிக்கு உரம் போடாமல் விடுவோமா?" என்று அவரே கேட்டார். உறவினரிடமும் தானே போனில் சொல்லிவிட்டார்.

நேற்று இரவு ஒரு கிண்ணம் களியும் அவரைக் குழம்பும் சாப்பிட்டார், இன்று காலை இரண்டு முட்டை. குமட்டல் இருக்கிறது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை கொடுக்கிறேன். வியாழக்கிழமை கோவைக்குப் போகிறோம். அங்கே எடை பார்த்ததும் இங்கே எழுதுகிறேன்.

பழைய குன்னூர்வாசி

எழுதுங்கள் அம்மணி. காத்திருப்பேன்.